குந்துருக்கம் என்னும் பிராங்கின்சென்ஸ்: மணம் கலக்கவும் மனம் அடங்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பிராங்கின்சென்ஸ் எண்ணெய்ப் புட்டியை முதல்முறை திறந்து முகர்ந்தவர்களில் பலருக்கு ஏமாற்றமே மிஞ்சும். கனத்த, இனிய புகை வாசனைக்காகக் காத்திருந்த மூக்கில் எலுமிச்சைத் தோலும் பைன் மரமும் பச்சை மிளகும் சேர்ந்தாற்போல ஒரு கூர்மையான மணம் ஏறும். எனக்கும் அதுவே நேர்ந்தது. போலிச் சரக்கு என்று நினைத்து அந்தப் புட்டியை மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்திருந்தேன். அது நல்ல எண்ணெய்தான். பிசின் ஒன்றே என்றாலும் எண்ணெயாக வடித்தால் ஒரு மணம், சாறாக இறக்கினால் இன்னொரு மணம், தணலில் இட்டால் மூன்றாவது மணம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் அதுவே அச்சாணி. மணமோ, மனநிலையோ, பாதுகாப்போ, எந்தக் கேள்வி எழுந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: என் கையில் இருப்பது பிசினின் எந்தப் பகுதி?

பெயரைச் சரிசெய்துகொள்வோம்

தமிழில் சாம்பிராணி என்ற ஒரே சொல்லுக்குள் பல பிசின்கள் அடங்கிவிடுகின்றன. பெரும்பாலும் அது ஸ்டைராக்ஸ் மரத்திலிருந்து வரும் பென்சாயினைக் குறிக்கும். வெனிலா போல இனிக்கும் பிசின் அது. பிராங்கின்சென்ஸ் தருவது போஸ்வெல்லியா என்னும் வேறு மரப் பேரினம். அதற்குப் பொருந்தும் பழைய தமிழ்ப் பெயர் குந்துருக்கம். பறங்கிச் சாம்பிராணி என்றும் சொல்வதுண்டு. கீழ்த்திசை ஞானிகள் குழந்தை இயேசுவுக்குக் கொண்டுவந்ததாகத் தமிழ் விவிலியம் சொல்லும் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் ஆகிய மூன்றில் நடுவில் இருப்பது இதுதான். வாசனைத் திரவியத் தொழிலில் ஒலிபானம் என்பார்கள். அரபுச் சொல்லான அல்-லுபானிலிருந்து வந்த பெயர் அது. பாலுக்கான அரபுச் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது. மரப்பட்டையைக் கீறியதும் வெண்மையாகப் பால் வடிவதைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் புரியும்.

குங்கிலியம் வேறு. அந்தப் பெயரில் பெரும்பாலும் கிடைப்பது சால மரத்தின் பிசின். அதைக் கொண்டு கீழே உள்ள கலவையைச் செய்தால் முற்றிலும் வேறு மணம்தான் கிடைக்கும்.

முதல் படி: எந்த மரம் என்று கேளுங்கள்

புட்டியில் பிராங்கின்சென்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. தாவரப் பெயர் வேண்டும்.

போஸ்வெல்லியா சாக்ரா ஓமானின் தோஃபார் பகுதியிலும் ஏமனிலும் சோமாலியாவின் வடக்கிலும் வளர்கிறது. சோமாலியச் சரக்குக்குக் கார்ட்டெரி என்ற பெயரும் உண்டு. இரண்டும் ஒரே இனம் என்பது தாவரவியலாளர் பலரின் கருத்து. இதன் எண்ணெயில் பெரும்பாலும் ஆல்ஃபா-பைனீன் என்னும் மணப்பொருள் ஓங்கி நிற்கும். குளிர்ந்த, தெளிந்த, எலுமிச்சை சாயலுள்ள மணம். திரவியம் கலக்கத் தொடங்குபவர் இதை வாங்குவது நல்லது.

போஸ்வெல்லியா பாப்பிரிஃபெரா எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் நாடுகளின் மரம். இதன் எண்ணெயில் ஆக்டைல் அசிடேட் மிகுதி. அதனால் ஆரஞ்சுப் பழத்தோடு காளான் சேர்ந்தது போன்ற வாசனை வரும். பிசினாக எரிக்கும்போது அருமையாக இருக்கும். எண்ணெயாகத் திரவியத்தில் சேர்த்தால் சிலருக்குத்தான் பிடிக்கும். போஸ்வெல்லியா செராட்டா இந்தியாவின் வறண்ட காடுகளில் வளர்கிறது. இதன் எண்ணெயில் ஆல்ஃபா-துஜீன் கூடுதல். கொஞ்சம் முரட்டுத்தனமான, மண்வாடை கலந்த மணம். சோமாலியாவின் ஃப்ரெரியானா நான்காவது வகை. அதன் பெரிய, மஞ்சள் நிறத் துண்டுகளை மெல்லுவதற்கென்றே வாங்குவார்கள்.

ஓமானில் பிசின் எடுக்கும் முறை பொறுமையைக் கேட்கிறது. பட்டையில் சிறு சீவல் எடுத்துவிட்டு, வடிந்த பால் இறுகும்வரை 2 வாரம் போல விடுவார்கள். முதல் சுற்றில் வருவது மட்டம். அதைச் சுரண்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி சீவுவார்கள். பிந்தைய சுற்றுகளில் கிடைக்கும் தெளிந்த துளிகளுக்குத்தான் மதிப்பு. அங்குள்ள வாதி தவ்கா மரப்பள்ளத்தாக்கையும், பழைய துறைமுகங்களான கோர் ரோரி, அல்-பலீத் ஆகியவற்றையும், ஷிஸ்ர் என்னும் பாலைவனத் தங்கலையும் சேர்த்து 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது.

வாங்குவதற்கு முன் மரத்தின் நிலையையும் சொல்லியாக வேண்டும். பாப்பிரிஃபெரா மரங்களைப் பற்றி 2019-இல் வெளியான விரிவான ஆய்வு, பெரும்பாலான காடுகளில் இளமரங்களே இல்லை என்றும் இப்படியே போனால் 20 ஆண்டுகளில் பிசின் விளைச்சல் பாதியாகக் குறையும் என்றும் கணித்தது. கால்நடை மேய்ச்சல், காட்டுத்தீ, வண்டு, அளவுக்கு மீறிய கீறல் எல்லாம் காரணம். எந்த நாடு, எந்த இனம், யார் சேகரித்தது என்று பதில் சொல்லக்கூடிய விற்பனையாளரிடம் வாங்குங்கள். பதில் சொல்லாதவரிடம் மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்குவதில்லை.

இரண்டாம் படி: எந்த வடிவம்

பிசினைப் பிரித்துப் பார்த்தால் ஏறத்தாழ 5 முதல் 9 விழுக்காடு ஆவியாகும் எண்ணெய். பாதிக்கு மேல் ஆல்கஹாலில் கரையும் பிசின். மிச்சம் தண்ணீரில் கரையும் கோந்து.

நீராவியில் வடித்த எண்ணெயில் அந்த 5–9 விழுக்காட்டுப் பகுதி மட்டுமே இருக்கும். திரவியத்தில் இது முதலில் எழும் மேல் மணமாகவும் அடுத்து வரும் நடு மணத்தின் தொடக்கமாகவும் வேலை செய்யும். பளிச்சென்று எழுந்து சில மணி நேரத்தில் மெலிந்துவிடும்.

ரெசினாய்டு கரைப்பான் கொண்டு இறக்கிய கெட்டிச் சாறு. தேன்பாகு போலக் கனத்திருக்கும். கடைசிவரை தங்கும் அடி மணத்தில் நின்று மற்றவற்றையும் பிடித்து வைக்கும். கார்பன் டைஆக்சைடு கொண்டு எடுக்கும் சாறு இரண்டுக்கும் நடுவில் நின்று, உடைத்த பிசின் துண்டின் மணத்துக்கு மிக அருகே வரும். விலை கூடுதல்.

நாமே செய்யக்கூடியது டிங்சர். பிசினை ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் மொறுமொறுப்பாகும். அப்போது இடித்தால் உரலில் ஒட்டாது. ஒரு பங்கு பொடிக்கு எடைக்கணக்கில் ஐந்து பங்கு 95 விழுக்காடு எத்தனால் ஊற்றி, இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் 3 வாரம் வையுங்கள். தினம் ஒருமுறை குலுக்குங்கள். கோந்து கரையாமல் அடியில் வெள்ளையாகத் தங்கும், அது இயல்பு. காபி வடிதாளில் வடித்துக்கொள்ளலாம். எத்தனால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பும் விளக்கும் உள்ள இடத்தில் இந்த வேலை வேண்டாம்.

மூன்றாம் படி: கலக்கும் முன் ஒருநாள் முழுக்க முகருங்கள்

பலர் தாவிவிடும் படி இது. எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததும் இதுதான்.

எண்ணெய் 1 கிராம், எத்தனால் 9 கிராம் சேர்த்து 10 விழுக்காட்டுக் கரைசல் செய்துகொள்ளுங்கள். வாசனை முகரும் காகிதப் பட்டையின் நுனியை அதில் நனைத்து நேரத்தைக் குறித்து வையுங்கள். உடனே ஒருமுறை, 15 நிமிடத்தில், 1 மணி நேரத்தில், 4 மணி நேரத்தில், மறுநாள் காலையில். ஒவ்வொரு முறையும் தோன்றுவதை உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். நிபுணர்களின் அகராதி தேவையில்லை. என் குறிப்பேட்டில் 15-ஆவது நிமிடத்துக்கு எதிரே "கிழித்த எலுமிச்சை இலை" என்றும், 4 மணி நேரத்துக்கு எதிரே "பூட்டிக் கிடந்த மர அலமாரி" என்றும் இருக்கிறது.

அந்தப் பின்பகுதிதான் புதையல். பைனீன், லிமோனீன் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்கள் பறந்துபோன பிறகு காகிதத்தில் ஒரு பழங்கால மணம் மிஞ்சும். கல் சுவர்களும் மெழுகும் நினைவுக்கு வரும். அதற்குக் காரணமான பொருளை வேதியியலாளர்கள் நெடுங்காலம் தேடினார்கள். பிரான்சின் நீஸ் நகரில் நிக்கோலா பல்தோவினி குழு 2016-இல் அதைப் பிரித்தெடுத்தது. ஒலிபானிக் அமிலங்கள் என்று பெயரிடப்பட்ட அந்த இரட்டைச் சேர்மங்கள் எண்ணெயில் மிகமிகச் சொற்ப அளவில்தான் இருக்கின்றன, ஆனாலும் மூக்கு அவற்றைக் கண்டுபிடித்துவிடுகிறது. எடை கூடியவை என்பதால் மெதுவாகத்தான் எழும். 15 நிமிடத்தில் காகிதத்தைத் தூக்கிப் போடுபவர் குந்துருக்கத்தின் முக்கால் பங்கை முகராமலே போகிறார்.

அடுத்து ரெசினாய்டையும், முடிந்தால் தணலில் இட்ட பிசினையும் இதேபோல் முகர்ந்து பாருங்கள். எரியும்போது வருவது வெப்பத்தால் பிசின் உடைந்து பிறக்கும் புதிய பொருள்களின் வாசனை. எண்ணெய்ப் புட்டியில் அது இருக்க வழியில்லை. திரவியத்தில் புகை வேண்டுமென்றால் வேறு பொருள் கொண்டுதான் சேர்க்க வேண்டும்.

நான்காம் படி: கலவை

கீழே இருப்பது நான் திரும்பத் திரும்ப மாற்றி வந்து நின்ற ஓர் எளிய கலவை. மொத்தம் 10 கிராம். 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். சொட்டுக் கணக்கு வேண்டாம். கெட்டிச் சாற்றின் சொட்டும் எண்ணெயின் சொட்டும் ஒரே எடை வராது.

குந்துருக்க எண்ணெய் (சாக்ரா) – 3.00 கிராம்
ஹெடியோன் – 1.50
பெர்கமோட் எண்ணெய், பெர்காப்டன் நீக்கியது – 1.20
தேவதாரு வகை சீடர் எண்ணெய் – 1.20
குந்துருக்க ரெசினாய்டு, 50 விழுக்காட்டுக் கரைசல் – 1.20
லாப்டனம் (சிஸ்டஸ் செடியின் பிசின்) அப்சல்யூட், 10 விழுக்காட்டுக் கரைசல் – 0.60
பென்சாயின் ரெசினாய்டு, 50 விழுக்காட்டுக் கரைசல் – 0.60
வெட்டிவேர் எண்ணெய் – 0.40
இளஞ்சிவப்பு மிளகு எண்ணெய் – 0.30

கனமானவற்றை முதலில் ஊற்றி, பறக்கும் பொருள்களைக் கடைசியில் சேருங்கள். எண்ணெயின் பளிச்சிடும் தொடக்கத்தைப் பெர்கமோட்டும் மிளகும் இன்னும் தூக்கும். மல்லிகையின் காற்றோட்டமான சாயல் கொண்ட செயற்கைப் பொருளான ஹெடியோன் கலவைக்குள் இடைவெளி உண்டாக்கும். அது இல்லாமல் கலந்தபோது எனக்குக் கதவடைத்த அறை போல இருந்தது. செயற்கை என்பதற்காக அதை ஒதுக்க வேண்டாம். சீடரும் வெட்டிவேரும் எலும்புக்கூடு. லாப்டனம், பென்சாயின், ரெசினாய்டு மூன்றும் சேர்ந்துதான் மேல் மணம் கரைந்த பிறகும் தோலில் அந்தப் பழைய மர அலமாரியை நிறுத்தி வைக்கின்றன. லாப்டனத்தில் மட்டும் கை தாராளமாகக் கூடாது. இன்னும் அரை கிராம் கூடினால் குந்துருக்கம் காணாமல் போய்விடும்.

புகை வேண்டும் என்பவர்கள் கேட் (cade) என்னும் ஜூனிப்பர் வகை மரத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்த தார் எண்ணெயை 1 விழுக்காட்டுக் கரைசலாக்கி 0.10 கிராம் சேர்த்துப் பாருங்கள். ரோஜா சேர்த்தால் கலவை வெதுவெதுப்பாகும். வெள்ளைப்போளம் சேர்த்தால் கசப்பும் நிழலும் கூடும்.

இந்தப் பொருளால் எவ்வளவு தூரம் போகலாம் என்று அறிய இரண்டு மூன்று நல்ல திரவியங்களை முகர்ந்து பார்ப்பது பயன் தரும். 1983-இல் ஓமானில் தொடங்கிய அமுவாஜ் நிறுவனம் தன் நாட்டுப் பிசினைப் பூக்களோடும் மசாலாக்களோடும் செழிப்பாகச் சேர்த்தது. 2002-இல் கோம் தே கார்சோன் வெளியிட்ட ஐந்து தூபத் திரவியங்களில் ஒன்றான அவிஞோனில் பெர்த்ரான் துஷோஃபூர் கத்தோலிக்க தேவாலயத்தின் குளிர்ந்த கல்லையும் புகையையும் வரைந்து காட்டினார். 1999-இல் ஒலிவியா ஜியாகொபெட்டி செய்த பாசாஜ் தான்ஃபேர், வெள்ளை லில்லியோடு குந்துருக்கத்தை வைத்து மெல்லிய பட்டுத்துணி போல நெய்தது. மூன்றிலும் ஒரே பிசின், மூன்று வெவ்வேறு மனநிலை.

கலந்த 10 கிராமை ஒரு வாரம் அப்படியே வையுங்கள். பிறகு அதிலிருந்து 3 கிராம் எடுத்து, வாசனைத் திரவியத்துக்கான எத்தனால் 27 கிராமில் சேருங்கள். மேலும் 4 வாரம் இருட்டில் இருக்கட்டும். கலங்கினால் ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்து, குளிர்ச்சியோடே வடிகட்டுங்கள். ரெசினாய்டு உள்ள கலவை முதல் நாள் கரடுமுரடாகவே இருக்கும். அன்றே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: தோலும் மூச்சும்

குந்துருக்க எண்ணெயைக் கலப்பின்றி நேராகத் தோலில் தேய்க்கக் கூடாது. அதிலுள்ள லிமோனீனும் பைனீனும் காற்றுப்பட்டுப் பழசாகும்போது ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறி ஒவ்வாமை உண்டாக்கும். ஆகவே சிறிய புட்டிகளில் நிரம்ப ஊற்றி, இறுக மூடி, குளிர்ச்சியான இருட்டில் வையுங்கள். டர்ப்பன்டைன் வாடை அடித்தால் கொட்டிவிடலாம். புதுக் கலவையை முழங்கையின் உட்புறம் ஒரு துளி இட்டு 48 மணி நேரம் கவனியுங்கள். பெர்காப்டன் நீக்காத பெர்கமோட் வெயில் பட்ட தோலைப் பொசுக்கும். அதனால்தான் கலவையில் அதைத் தனியாகக் குறித்தேன்.

புகையில் நுண்துகள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள் இருக்கும் அறையில் பிசினை எரிக்க வேண்டாம். பூனை வளர்ப்பவர்கள் எண்ணெய் ஆவியூட்டியைத் தவிர்ப்பது நல்லது. பைனீன் போன்ற பொருள்களை வெளியேற்றப் பூனையின் கல்லீரல் திணறும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

ஆறாம் படி: மனநிலை

இங்கேதான் மிகைப்பேச்சு அதிகம், பிசினின் பகுதிகள் ஒன்றோடொன்று குழம்புவதும் அதிகம்.

2008-இல் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. பிசினில் உள்ள இன்சென்சோல் அசிடேட் என்னும் பொருளைச் சுண்டெலிகளுக்கு ஊசி வழியே செலுத்தியபோது பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததற்கான நடத்தைகள் தெரிந்தன. தோலில் இதமான சூட்டை உணர உதவும் டிஆர்பிவி3 என்ற புரதம் மூளையிலும் இருக்கிறது. அதை இந்தப் பொருள் தூண்டுகிறது. அந்தப் புரதம் இல்லாத எலிகளில் விளைவு தெரியவில்லை. அழகான ஆய்வு. ஆனால் நீங்கள் கழுத்தில் தெளிப்பது ஊசி மருந்து இல்லை. சாக்ரா எண்ணெயில் இன்சென்சோல் அசிடேட் மிகக் குறைவு. மூட்டுவலிக்காகப் பேசப்படும் போஸ்வெல்லிக் அமிலங்களோ நீராவியோடு ஏறி வர முடியாத அளவு கனமானவை. அவை வடித்த எண்ணெயில் உண்டு என்று விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டாம். மனிதர்களை வைத்து நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். பலவற்றில் வேறு எண்ணெய்களும் கலந்திருந்தன.

அப்படியானால் முகரும்போது மனம் அடங்குவது பொய்யா? பொய்யில்லை. அது வேறு வழியில் நடக்கிறது. மணத்தின் செய்தி, மற்றப் புலன்களைப் போலத் தாலமஸ் என்னும் இடைநிலையத்தில் நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் அமிக்டலா பக்கம் நேராகப் போகிறது. எந்தச் சூழலில் ஒரு மணத்தைச் சந்தித்தோமோ அந்தச் சூழலின் உணர்ச்சி அதோடு ஒட்டிக்கொள்கிறது. போதாததற்கு, பிடித்த மணம் வந்தால் மூச்சு தானாகவே ஆழமாகிறது. நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். குந்துருக்கம் இதற்கு மிகப் பொருத்தமான பொருள் என்பது என் உறுதியான எண்ணம். தொடக்கத்தின் எலுமிச்சைக் கூர்மை கவனத்தை இழுக்கிறது. பிறகு அது மெதுவாக, படிப்படியாகத் தணிகிறது. அதன் பின்னே போகிற மனமும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

பழக்கத்தை இப்படிக் கட்டுங்கள்.

ஏற்கெனவே அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். புத்தகம் வாசிக்கும் நேரம், படுக்கப்போகும் முன் கழியும் 10 நிமிடம். பதற்றமான நேரத்தில் தொடங்க வேண்டாம், அந்தப் பதற்றமே மணத்தோடு ஒட்டிக்கொள்ளும். காகிதப் பட்டையிலோ மணிக்கட்டிலோ சிறிது இட்டு, 4 எண்ணும்வரை உள்மூச்சு, 6 எண்ணும்வரை வெளிமூச்சு என 10 முறை. மூன்று வாரம் அந்த ஒரு நேரத்துக்கு மட்டும். மற்ற வேளைகளில் இதே மணத்தை அணியாதீர்கள். நாள் முழுக்க அணிந்தால் மூக்கு பழகிப்போய், மணம் எதையும் குறிக்காமல் போகும். மூன்று வாரத்துக்குப் பிறகு, தேர்வுக்கு முன்போ கடினமான பேச்சுக்கு முன்போ அதே பட்டையை எடுத்துப் பாருங்கள்.

ஒரு குறிப்பேட்டில் முகர்வதற்கு முன்னும் பின்னும் மனநிலையை 1 முதல் 10 வரை எண்ணால் குறியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் மணம் இல்லாமல் மூச்சுப்பயிற்சி மட்டும் செய்து அதையும் எழுதுங்கள். எனக்கு மூச்சு மட்டுமே பாதி வேலையைச் செய்தது. ஆனால் மணம் இருந்த நாள்களில்தான் பயிற்சியைத் தவறாமல் செய்தேன் என்பதையும் அதே குறிப்பேடு காட்டியது.

சிலருக்கு இந்த மணம் துக்கத்தையே கொண்டுவரும். இறுதிச் சடங்கில் தூபமாக முதன்முதலில் சந்தித்தவர்களுக்கு அது இயல்பு. அவர்கள் ரெசினாய்டையும் லாப்டனத்தையும் விட்டுவிட்டு, எண்ணெயைப் பெர்கமோட்டோடு மட்டும் 1:2 என்ற அளவில் கலந்து முயலலாம். புகையின் சாயலே இராது, நினைவின் கதவும் வேறாகும். அப்போதும் கனம் குறையவில்லை என்றால் வேறு மணத்துக்குப் போய்விடுங்கள். இதில் வற்புறுத்தல் உதவாது.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்ற நிலை இருந்தால் முதலில் போக வேண்டியது மருத்துவரிடம். எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையை ஒரு மணத்தை நம்பி நிறுத்தக் கூடாது.

சில மாதங்களில் பழக்கத்தின் பிடி தளர்வது தெரியும். முகர்ந்தும் எண் மாறாது. அப்போது அளவைக் கூட்டாதீர்கள். புட்டியை மூன்று நான்கு வாரம் மூடி வைத்துவிட்டு, மறுபடி அதே அமைதியான நேரத்தில், ஒரே ஒரு காகிதப் பட்டையோடு தொடங்குங்கள்.